மழையில் கருவாடு காயவைக்கும் ஆராய்ச்சியைக் கைவிடாதிருக்க வேண்டி

அனுப்புநர்:
வேளாங்கண்ணி, சிலுவை மனைவி,
மீன் வியாபாரம்,
முட்டம், கல்குளம் தாலுகா.

பெறுநர்:
கைத்தொழில் இலாகா டைரக்டர் அவர்கள்,
திருவனந்தபுரம்.

பொருள்: கடல்நிதிக் கம்பெனி இவ்வாண்டு நடத்த வேண்டிய ஆராய்ச்சி குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சர்க்கார் பங்குள்ள இக்கம்பெனி ஆண்டுக்கு ஓர் ஆராய்ச்சிதான் நடத்த முடியும் என்கிறது. மழைக்காலத்தில் நெத்திலியை அனல் அறையில் உலர்த்துவது ஒன்று. சுறா எண்ணெயின் நாற்றத்தைப் போக்குவது மற்றொன்று. முன்னதைக் கைவிட எண்ணுகிறார்கள். முடிவு தங்கள் கமிட்டியின் கையில் இருக்கிறது. சுறா எண்ணெய் மணப்பதில் எங்களுக்கு விரோதமில்லை. ஆனால் அது இன்னும் ஓராண்டு நாறினாலும் அதற்காக யாரும் ஊரைவிட்டுப் போகமாட்டார்கள்.

2. நெத்திலிக்காகப் போகிறார்கள். ஆனி, ஆடியில் அது கொள்ளையாகப் படும், வெயில் இராது. அழுகித் தென்னைக்கு உரமாகும். வெறுத்துப்போய் என் கணவர் கொச்சித் துறைமுகத்துக்கு மூட்டை சுமக்கப் போனார். "ஆனியிலயும் கருவாடு காயும்னா நான் எதுக்கு ஏட்டி கொச்சிக்குப் போறேன்?" என்று கேட்டுவிட்டே பஸ் ஏறினார். கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை.

3. அவர் போனபின், சென்ற ஆடியில் அனல் அறையில் முதல் பரீட்சை நடந்தது. வெளியே மழை கொட்ட, உள்ளே நெத்திலி நன்றாகக் காய்ந்தது. புது வலையானாலும் புது வள்ளமானாலும் முதல் பலன் மாதா கோயிலுக்கு என்பது எங்கள் வழக்கம். அறையும் புதிதல்லவா? வேலைசெய்த பெண்கள் எல்லோரும் கருவாடு முழுவதையும் கோயிலுக்குச் சுமந்தோம்; அங்கே ஏலம் போயிற்று. மறுநாள் கொல்லத்திலிருந்து வந்த கம்பெனிப் பரிசோதகர் வெறும் தட்டுகளைப் பார்த்து, மீன் கெட்டு எறியப்பட்டது என்று எழுதிப் போய்விட்டார். எங்களில் ஒருத்தியிடமாவது கேட்டிருக்கலாம். பிறகு நாங்கள் சொன்னபோது, எழுதியது எழுதியதுதான் என்றார் மானேஜர்.

4. ஆகவே வருகிற ஆனியில் மறு பரீட்சைக்கு உத்தரவிட வேண்டுகிறேன். கோயிலுக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுத்தாயிற்று. இனித் தட்டுகள் வெறுமையாகா. உத்தரவு வந்தால் அன்றே கொச்சிக்குக் கடிதம் போடுவேன். மழை நாளில் அவர் வீட்டிலிருந்து இருமும் சத்தத்துக்குக்கூட ஏங்கிக் கிடக்கிறேன் என்பதை மறைக்காமல் தெரிவித்துக்கொள்கிறேன்.

5. அன்றைய ஏலத்தில் நானும் ஒரு பங்கு எடுத்து வைத்தேன். இன்றுவரை கெடவில்லை. பாதியை இத்துடன் பொட்டலமாக அனுப்பியுள்ளேன். கமிட்டியார் பொரித்துத் தின்று பார்த்து முடிவுசெய்யலாம். மறுபாதியைக் கேட்கவேண்டாம். அது அவருக்குள்ளது.

இடம்: முட்டம்
தேதி: 14-3-1953

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
வேளாங்கண்ணி