நீ இறக்கி வைத்த விளக்கு

வட்டகொடை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் தனுஷிகாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், மழைக்கு அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் கூடியிருக்கிறது, கூரைத் தகரத்தில் ஒழுகின இடத்தை அடைத்தாயிற்று. கட்டாரில் நீ நோய் நொடி இல்லாமல் இருக்க முருகனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். நலம் விசாரித்தது இத்தோடு போதும், இனித் திட்டுத்தான். ஐந்து நாளாக அம்மா போனை எடுக்கவில்லை என்று அப்பாவிடம் அழுதாயாம். எடுத்தால் நீ சிரித்தே என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் பேனையை எடுத்தேன். அப்பா இதைப் படம் பிடித்து அனுப்புவார், முழுசாகப் படி.

லீவில் வந்தவள் என் செஸ் மெஷினில் கை வைக்க உன்னை யாரடி கேட்டது? தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் சமையல் செய்த அப்பாவிடம், துரை மாற்றலாகிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன, எதிராளியாகத் தானே ஆடுகிற பெட்டி அது. கூட வந்த புத்தகம் இங்கிலீசில், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காயைத் தப்பாக வைத்தால் கிர்ரென்று கத்தும், சரியாக வைத்தால் கட்டத்தின் மூலையில் சிவப்பு விளக்கு எரியும். அந்தக் கத்தலை வாங்கி வாங்கித்தான் குதிரை எப்படிப் போகும் என்று படித்தேன். லெவல் பட்டனை அமுக்கினால் எந்தக் கட்டத்தில் விளக்கு எரிகிறதோ அதுதான் மெஷினின் பலம். கீழ் மூலையில் முதல் கட்டத்தில் தொடங்கி ஒவ்வொன்றாக ஜெயித்து ஏறி மூன்றாம் வரிசைக்கு வந்தேன், அங்கே ஒன்பது வருசமாக உதை வாங்குகிறேன். எல்லாம் உனக்குத் தெரியும்.

நீ பிளேன் ஏறிய நாலாம் நாள் நான் ஜெயித்தேன். மெஷின் ராணியையே சும்மா தூக்கிக் கொடுத்தது. முன்பெல்லாம் நான் அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு வரும்வரை யோசிக்கும், அன்றைக்குக் கையை எடுக்கும் முன்னே பதில் வந்தது. நீ புதுப் பெட்டரி போட்டுவிட்டுப் போனதால் வந்த வேகம் என்று நினைத்தேன். ஜெயித்த சந்தோசம் கண்ணை மறைத்துவிட்டது, அது என் புத்தி கெட்டதுதான். லயத்து வரிசை வீடு முழுக்கக் கேசரி கொடுத்தேன். அப்பா அந்த முழங்காலோடு ரயில் ஸ்டேசன் வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பள்ளிக்கூடத்தில் செஸ் சொல்லிக் கொடுக்கும் சுதாகரன் மாஸ்டர் வீடு தேடி வந்து, "அக்கா, வெள்ளிக்கிழம வந்து எப்பிடி ஜெயிச்சீங்கன்னு புள்ளைங்களுக்குக் காட்டணும்" என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை ஒத்திகை பார்க்க உட்கார்ந்தேன், பத்து நிமிசத்தில் மறுபடியும் ஜெயித்தேன். அப்போதுதான் சந்தேகம் தட்டியது. லெவல் பட்டனை அமுக்கினால் கீழ் மூலையில் முதல் விளக்கு பல்லைக் காட்டுகிறது.

அப்போதே உனக்குப் போன் போட்டுக் கேட்டேன். "அம்மா, ஒரு தடவயாவது நீங்க ஜெயிக்கட்டுமேன்னுதான் கொறச்சு வச்சேன்" என்கிறாய், சிரிப்பு வேறு. நான் என்ன சோறு ஊட்டிவிட வேண்டிய கைக்குழந்தையா? எட்டு வயதில் நீ என்னிடம் தோற்றுத் தோற்று அழுவாய். "பச்சப் புள்ளகிட்ட ஒரு தடவ தோத்தா ஒனக்கு என்ன கொறஞ்சா போயிரும்" என்று அப்பா என்னோடு சண்டைக்கு வருவார். நான் ஒரு காய்கூட விட்டுத் தரவில்லை. பதின்மூன்று வயதில் என்னை ஜெயித்துவிட்டு லயத்துக் கோடி வரை கத்திக்கொண்டு ஓடினாயே, அந்த ஜெயம் முழுக்க உன்னுடையது. எனக்கு மட்டும் ஏனடி பிச்சை போட்டாய்?

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனேன். முப்பது பிள்ளைகள் முன்னால் நின்று, நான் ஜெயிக்கவில்லை, மெஷின் பலம் குறைந்து கிடந்தது தெரியாமல் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன் என்றேன். யார் குறைத்தது என்று ஒரு பிள்ளை கேட்டது. உன் பேரைச் சொல்ல வாய் வரவில்லை, நானே தெரியாமல் அமுக்கிவிட்டேன் என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்க்கும் சேர்த்துத்தான் இந்தக் கோபம்.

நேரத்துக்குச் சாப்பிடு. ஈரத் தலையோடு ஏசியில் படுக்காதே. முருகன் உன்னைக் கண்கலங்காமல் வைத்திருக்கட்டும். தைப்பொங்கலுக்கு வரும்போது என் எதிரே உட்கார்ந்து ஆடு, ஒரு காய் விட்டுக்கொடுத்தாய் என்று தெரிந்தால் பலகையோடு தூக்கி வெளியே எறிவேன், ஞாபகம் வைத்துக்கொள். விளக்கைப் பழைய கட்டத்துக்கு ஏற்றிவிட்டேன். நேற்றுத் தோற்றேன். இன்றைக்குக் காலையிலும் தோற்றேன். ஐந்து நாளைக்குப் பிறகு இன்றுதான் சோறு தொண்டையில் இறங்கியது.

இப்படிக்கு,
இன்னும் கோபம் ஆறாத அம்மா,
வேலாயி