சாவியில்லாமல் ஏறியவர்

குருவி,

விளக்கைப் போட்டால் அப்பா எழுந்துவிடுவார். போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன்.

நம் அப்பாக்கள் அனுப்பப்போவது ஆளே இல்லாத விண்கலம், யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று வகுப்பில் நாம் எப்படிப் பீற்றிக்கொண்டோம்!

உன் அப்பா மாதிரி ஏவுதளக் கோபுரத்தில் ஏறிக் கருவிகளைப் பொருத்துகிற பிட்டர், மின்சாரச் சாவியைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். அப்போதுதான் கீழே யாராலும் மின்சாரம் கொடுக்க முடியாது. உன் அப்பா சாவியை எடுக்க மறந்ததால்தான் தீப்பிடித்துச் செத்தார் என்று தலைமைப் பொறியாளர் சொல்கிறார். அதாவது என் அப்பா.

அன்று காலை வீட்டிலிருந்து அவர் உன் அப்பாவிடம் போனில் கத்தினார்: "சாவியை விட்டுட்டு ஏறுய்யா! சோதனை நிக்கக் கூடாது. நான் இருக்கேன்ல?" பக்கத்தில் நான் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன்.

நாளை விசாரணைக்காரர்கள் இங்கே வருகிறார்கள். "கேட்டா, தூங்கிட்டிருந்தேன்னு சொல்லுடி" என்கிறாள் அம்மா. அப்பா எனக்குப் புதுப் பேனா வாங்கி வந்தார். அந்தப் பேனாவில்தான் இதை எழுதுகிறேன்.

அவர் முகத்தைப் பார்த்தால், தூங்கினேன் என்றுதான் நாளை சொல்வேன். எனக்கு அவ்வளவு பயம். அதனால் விடிந்ததும் இதை உன் வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிடுகிறேன். என்னை நம்பாதே. இதை அவர்களிடம் காட்டு.

உன் பெஞ்சுக்காரி