காலி நாற்காலியில் ஆஜரானவர் குறித்து

அனுப்புநர்
இருட்டறைப் பணியாளர் (ஓய்வு), எக்ஸ்ரே பிரிவு,
மருத்துவமனைப் பணியாளர் குடியிருப்பு, மூன்றாம் மாடி, கடைசி வீடு.

பெறுநர்
மேல்முறையீட்டு அலுவலர் அவர்கள்,
மதச் சுதந்திரச் சட்டப் பிரிவு.

பொருள்: மதம் மாறும் அறிவிப்பு – காலமான தந்தையின் ஆட்சேபணையால் இருமுறை ஒத்திவைப்பு – சட்டத்தின் எல்லையைத் தெளிவாக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் மூன்றாண்டுகளுக்கு முன் காலமானார். அவருடைய மதத்தாரின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். பக்கத்து இடம் எனக்கு. ஆனால் நான் மதம் மாறியதற்குத் தங்கள் துறையின் சான்று இல்லாமல் அங்கே குழி தோண்ட முடியாது என்று தோட்டக் காவலர் சொல்லிவிட்டார். எனக்குக் கணையத்தில் புற்றுநோய். மருத்துவர் ஆறு மாதம் என்றார், ஐந்து போய்விட்டது. எக்ஸ்ரே படங்களை இருட்டறையில் கழுவிக் கொடுத்தவள் நான்; என் ஸ்கேன் படத்தை நானே பார்த்தேன், சந்தேகத்துக்கு இடமில்லை.

2. சட்டப்படி முப்பது நாள் முன்னறிவிப்புக் கொடுத்தேன். அலுவலகப் பலகையில் ஒட்டினார்கள். ஒரே ஓர் ஆட்சேபணை வந்தது. ‘இரத்த உறவினர்’ என்ற கட்டத்தில் என் தந்தையின் பெயர். அவர் இறந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. இறப்புச் சான்றைக் கொடுத்தேன். பிரிவு எழுத்தர் பொறுமையாகவே விளக்கினார்: “ஆட்சேபணைன்னு வந்துட்டா விசாரிச்சே ஆகணும்மா. உயிரோட இருக்காரான்னு கேக்க படிவத்துல கட்டம் இல்ல.”

3. காரணம் என்ற இடத்தில் இருந்தது இரண்டே வரி: ‘என் மகளுக்கு இருட்டு ஆகாது. மண்ணுக்குள் வைக்க வேண்டாம்.’ கையெழுத்து அவருடையது. ஒப்பத்தின் கீழே இரண்டு கோடு இழுப்பது அவர் பழக்கம், இழுத்திருந்தது. சிறுமியாக இருந்தபோது நான் தூங்கும்வரை, கூடத்து வெளிச்சம் உள்ளே விழ, அறைக் கதவைத் திறந்து பிடித்தபடி நிற்பார். இது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

4. ஆட்சேபணையாளர் வரவில்லை என்று முதல் விசாரணையை ஒத்திவைத்தார்கள். இரண்டாவது விசாரணை காலை பதினொன்றரைக்கு. அறையில் விசாரணை அலுவலர், எழுத்தர், நான். பக்கத்து நாற்காலியில் என் பை இருந்தது. எழுத்தர் தணிந்த குரலில், “பையைக் கொஞ்சம் எடுத்துக்கோங்கம்மா. பெரியவர் எவ்வளவு நேரம் நிப்பார்?” என்றார். எடுத்தேன். யாரும் உட்காரவில்லை. அலுவலர் அந்த நாற்காலியைப் பார்த்து நான்கு கேள்விகள் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பிறகு சற்றுப் பொறுத்து எதையோ குறித்துக்கொண்டார். பதிவேட்டில் நான் ஒப்பமிட்டபோது எனக்கு மேலே அந்த இரண்டு கோடுகள் இருந்தன. மை காயவில்லை. ஆட்சேபணையாளர் யோசிக்க அவகாசம் கேட்டிருப்பதாகச் சொல்லி மீண்டும் ஒத்திவைத்தார்கள்.

5. யாரையும் வற்புறுத்தி மதம் மாற்றக் கூடாது என்பதற்கான சட்டம் இது என்று அறிவேன். என்னை யாரும் வற்புறுத்தவில்லை. உறவினரின் உரிமை எந்த இடத்தில் முடிகிறது என்று சட்டத்தில் தேடினேன். கிடைக்கவில்லை.

6. மூன்றாம் விசாரணைக்கு இன்னும் நாற்பத்திரண்டு நாள் இருக்கிறது. அதற்கு முன்பே சான்று வழங்க வேண்டுகிறேன். இயலாதெனில், என் தந்தைக்கு அனுமதித்தது போலவே அன்று நானும் ஆஜராக அனுமதித்து, இன்னொரு நாற்காலி போடச் சொல்லவும். எப்படியாயினும் கீழ்க்கண்ட என் பதிலைக் கோப்பில் சேர்த்து, அவர் காதில் விழும்படி வாசிக்கப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்:

“இருபத்தாறு வருஷம் இருட்டறையிலதான் வேலை பார்த்தேன், அப்பா. பழகிடுச்சு. கதவை விடுங்க.”

இடம்: மேற்கண்ட முகவரி
நாள்: மார்ச் 9

இப்படிக்கு,
(ஒப்பம்)
மனுதாரர்

இணைப்பு: தந்தையின் இறப்புச் சான்று, மருத்துவச் சான்று, பதிவேட்டுப் பக்கத்தின் நகல்.