நம் ஊர் வானத்தைக் காணோம்

குட்டியின் அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? மாத்திரையை மறக்காதீர்கள்.

இங்கே ஒரு சின்னக் கூத்து. என் போனில் பிரவுசரைக் காணோம். ஓட்டல் சலவைக்கூடத்தில் விரிப்புகளை இஸ்திரி போடும்போது, அதில்தான் தினமும் நம் ஊர் வானிலையைப் பார்ப்பேன். நீராவிக்குள் நின்று, உங்கள் தலைக்கு மேல் நகரும் மேகத்தைப் பார்த்தால் தூக்கத்தில் மிதப்பதுபோல இருக்கும்.

போன் ரிப்பேர் கடையில் காட்டினேன். கடைக்காரர், "போன்ல இருக்கிற எல்லாத்தையும் அழிச்சாதான் சரியாகும்" என்றார். குட்டி பேசி அனுப்பியதெல்லாம் அதில்தானே இருக்கிறது! போனைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அறைத்தோழி செட்டிங்ஸைத் திறந்து பார்த்துச் சிரித்தாள். "அடியே, அது எங்கயும் போகல. உன் ஈரக் கை தெரியாம பட்டு, அதை முடக்குற பட்டன் அமுங்கியிருக்கு." வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். அவள் அதே பட்டனை விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். விட்ட இடத்திலேயே நம் வானம் நின்றது.

மணி அடித்துவிட்டது, ஓட வேண்டும். பெட்டியில் பூட்டியே வைத்தால் சேலை இற்றுப்போகும். வெயில் பார்த்து என் பச்சைச் சேலையை அலசி, கொடியில் உங்கள் சட்டைக்குப் பக்கத்தில் போடுங்கள். மழை வருகிற மாதிரி இருந்தால் இங்கிருந்தே சொல்கிறேன்.

உங்களவள்