சுவரொட்டியில் மூன்று இலை

ஆகஸ்ட் 5, திங்கள்

'ஓதம்' நான்காம் இதழ் இம்மாதம் 23ஆம் தேதி வெளிவருகிறது. அச்சகத்தாரிடம் இன்று காலை பேசி உறுதிசெய்துகொண்டதாக இதழின் ஆசிரியையான மாணவி அஞ்சுலா கவுண்டர் சொன்னாள். போன இதழ் பாதிக்குமேல் மாணவர் சங்கத்து அறையில், துடைப்பங்களுக்குப் பின்னால் கட்டுப் பிரிக்காமல் கிடக்கிறது. இதுவும் விற்காவிட்டால் அடுத்த ஆண்டு சங்கம் ஆதரிக்காது என்பதும் அவள் சொன்னதே. சங்கத்தில் விசாரித்தேன். மறுக்கவில்லை.

விளம்பரப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "ஒன்பது வருஷம் பேப்பர்ல இருந்திருக்கீங்கண்ணே. எங்களுக்கெல்லாம் கவிதை எழுதத்தான் தெரியும், கூவி விக்கத் தெரியாது" என்றாள் அஞ்சுலா. முப்பத்துநான்கு வயதில் சின்னப்பிள்ளைகளோடு உட்கார்ந்து பட்டம் படிப்பவனுக்கு வேறு என்ன வேலை கொடுப்பார்கள்?

ரொரெத்தியின் கவிதையும் இதில் வருகிறது. அபெமாமா தீவில் பள்ளி ஆசிரியையாக இருந்தவள், மேல்படிப்புக்கு இங்கே ஃபிஜியின் சுவாவுக்கு வந்தவள். டிசம்பரில் நான் அவள் தீவுக்குப் போய் அவள் அப்பாவிடம் பெண் கேட்க வேண்டும். இந்த வருஷம் எனக்கு அதைவிடப் பெரிய செய்தி கிடையாது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கவிதையைப் படித்தேன். அவள் வீட்டுப் பபாய்க் குழியைப் பற்றியது. பபாய் என்றால் ஆள் உயரத்துக்குமேல் வளரும் சேம்பு. மணல் தீவில் தண்ணீர் தட்டும் ஆழம்வரை குழி தோண்டி அதற்குள் வளர்க்கிறார்கள், உரமாக இலைதழைகளைப் போட்டு. நடுவில் ஐந்து வரி:

மூன்று இலை, வரிசை மாறாமல்.
அப்பா குழிக்குள் இறங்கும்போது
நாய்கூடப் பின்னால் போகாது.
இவ்வளவு பெரிய கிழங்கு எப்படி என்று
ஊர் எங்களைக் கேட்பதில்லை.

"என்ன மூணு இலை?" என்று கேட்டேன். உணவுக்கூடத்துக்கு வெளியே உட்கார்ந்து ரொட்டிச் சுருள் தின்றுகொண்டிருந்தோம். கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மூன்று பெயரையும் சொன்னாள், எது முதலில், எது கடைசியில் என்பதையும். சுற்றிலும் மைனாக்கள்தான், இருந்தும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள்.

"ராம்பியில உங்க வீட்டுல சேம்பு நடுறதில்லையா?"

"நடுவோம். ரோட்டோரம். போறவன் வர்றவன் எல்லாம் யோசனை சொல்லிட்டுப் போவான்."

சிரித்தாள். "உங்க ஆளுங்களுக்கு எல்லாமே ரோட்டோரந்தான்."

பேசுவது ஒரே மொழி என்பதால் நாங்கள் ஒரே சனம் என்று இங்கே எல்லோரும் நினைக்கிறார்கள். என் தாத்தா காலத்திலேயே எங்களைப் பனாபாத் தீவிலிருந்து பெயர்த்து ஃபிஜியில் ராம்பித் தீவில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். பனாபாவில் தண்ணீரே இல்லை, குழிக்கு எங்கே போக?

ஆகஸ்ட் 12, திங்கள்

கற்பித்தல் பயிற்சிக்காக ரொரெத்தி லம்பாசா போனாள். நான்கு வாரம். கப்பலடியில் வழியனுப்பினேன். அவள் சித்தப்பா மகன் மிக்காயெரேயும் வந்திருந்தான், இங்கேதான் கடலியல் படிக்கிறான். "மச்சான், இப்பவே கண்ணு கலங்குது உங்களுக்கு. கல்யாணத்தன்னைக்கு வாளி வைக்கணும்போல."

ஆகஸ்ட் 14, புதன்

அஞ்சுலா எழுதிவைத்திருந்த விளம்பர வாசகம்: 'பசிபிக்கின் குரல்களைக் கொண்டாடுவோம்.' அடித்துவிட்டேன். அந்த வாசகம் எதைப் பார்த்து எழுதியது? எதற்கும் பொருந்தும், ஆகவே யாரும் நின்று படிக்கமாட்டார்கள். சுவரொட்டியில் படமோ முழக்கமோ வேண்டாம், ரொரெத்தியின் ஐந்து வரி மட்டும் போதும் என்றேன்.

ஒரே ஒரு இடம் உறுத்தியது. 'மூன்று இலை.' எந்த இலை? பெயர் இல்லாத இலை கண்ணில் நிற்காது. என் பழைய செய்தி ஆசிரியர் இதைப் பார்த்திருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பார். பெயர்களைச் சேர்த்துப் பார்த்தேன். வரி எழுந்து நின்றது.

ரொரெத்திக்குச் செய்தி அனுப்பினேன்: சுவரொட்டியில் உன் கவிதை, ஒரு சின்னத் திருத்தம் செய்திருக்கிறேன். பதில்: "நீங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும்."

ஆகஸ்ட் 19, திங்கள்

ஒட்டி முடித்தோம். நூலக வாசல், பேருந்து நிறுத்தம், உணவுக்கூடத் தூண்கள். மக்கள் நிற்கிறார்கள். ஒரு சாலமன் தீவுப் பையன் உரக்கப் படித்தான். இன்னொருவன் படம் பிடித்துக்கொண்டான்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

மாலைக்குள் இதழ் தீர்ந்துவிட்டது. வெளியீட்டில் பாதிப் பேர் அந்தக் கவிதை எந்தப் பக்கம் என்று கேட்டுத்தான் வாங்கினார்கள். அஞ்சுலா காவாப் பானக் கிண்ணத்தை என்னிடம் நீட்டி, "அண்ணே, உங்களைத் தூக்கிட்டு மைதானத்தைச் சுத்தி வரணும்போல இருக்கு. ஆனா கனமா இருப்பீங்க" என்றாள்.

ரொரெத்தியை அழைத்தேன். எடுக்கவில்லை. பள்ளியில் ஏதாவது நிகழ்ச்சியாக இருக்கும்.

ஆகஸ்ட் 24, சனி

எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்

மிக்காயெரே என் அறைக்கு வந்தான். உட்காரவில்லை. போனை நீட்டினான். சுவரொட்டியின் படம். யாரோ முகநூலில் போட்டு, அவர்கள் தலைநகரான தராவாவில் யாரோ பகிர்ந்து, சனிக்கிழமை அபெமாமாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஊர்க் கூடத்தில் ஒரு பையன் ரொரெத்தியின் அப்பாவிடமே காட்டி, "ஐயா, இது உங்க குழிதானே?" என்று கேட்டிருக்கிறான்.

"அந்த மூணு இலையோட பேரு அவங்க வீட்டைத் தாண்டி இதுவரைக்கும் போனதில்ல. எங்கப்பா கூடப்பிறந்த தம்பி. அவருக்கே பாதிதான் தெரியும். குழி வச்சவர் தம் பிள்ளையில ஒருத்தருக்குத்தான் சொல்வாரு. பெரியப்பா இவளுக்குச் சொன்னாரு."

"திருத்தம் போடறேன். இன்னைக்கே. அந்த இலைங்க தவறுன்னு—"

"தப்பா இருந்தா திருத்தலாம். சரியா இருக்கே. அதுதானே இப்ப கஷ்டம்."

நாள் முழுக்கச் சுவரொட்டிகளைக் கிழித்தேன். தூணில் ஒட்டியவை பிய்ந்து பிய்ந்து வந்தன. பேருந்துக்கு நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தி, "அதைக் கிழிக்காதீங்க சார், நல்லா இருந்துச்சே" என்றாள்.

இதழில் அச்சானது அவள் எழுதியபடியே, 'மூன்று இலை' என்றுதான் இருக்கிறது. சுவரொட்டியில் மட்டுந்தான் நான் கைவைத்தேன். இதை ஏன் எழுதுகிறேன்? யாருக்கு வாதாடுகிறேன்?

ஆகஸ்ட் 28, புதன்

வேளாண் துறை ஆய்வு மாணவர் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். மிக அருமையான சுவரொட்டி, அந்த இலைகளை என்ன விகிதத்தில் இட வேண்டும், கவிஞரைச் சந்திக்க முடியுமா.

அழித்துவிட்டேன்.

செப்டம்பர் 9, திங்கள்

வந்துவிட்டாள். நூலகத்தின் பின்பக்கம் மாமரத்தடியில் பேசினோம். பேசினோம் என்பதே மிகை.

மன்னிப்புக் கேட்டேன். தெரியாது என்றேன், எங்களுக்குக் குழி இல்லை என்றேன். எல்லாம் கேட்டாள். கத்துவாள் என்று நினைத்திருந்தேன்— கத்தியிருந்தால்—

"நீங்க கேட்டீங்க, சொன்னேன்" என்றாள். "எங்க வீட்டுக்கு வரப்போற ஆளுன்னு சொன்னேன். அன்னைக்கு நான் பேசிட்டிருந்தது உங்ககிட்டயா, நிருபர்கிட்டயா?"

"என்கிட்டத்தான்."

"அப்ப நிருபர்கிட்ட யாரு சொன்னா?"

அவளே மறுபடி சொன்னாள்: "சின்னத் திருத்தம்னு எழுதினீங்க. என்னான்னு நானும் கேக்கல. அதையும் அப்பாகிட்ட சொல்லிட்டேன். என் தப்பும் இருக்கு, மறைக்கல."

"அப்பா என்ன சொன்னாரு?"

"சரிம்மா, சாப்பிட்டியான்னு கேட்டாரு."

அதைச் சொல்லும்போதுதான் அவளுக்குக் குரல் உடைந்தது. நான் கையை நீட்டினேன். புத்தகப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 10, செவ்வாய்

கவிதையை இன்னொரு முறை படித்தேன். நாய்கூடப் பின்னால் போகாது. ஊர் எங்களைக் கேட்பதில்லை. அவள் எழுதியது முழுக்க இதைத்தான். நின்று படித்த பிள்ளைகள் யாருக்காவது புரிந்திருக்கும். இலையின் பெயர் என்ன என்று கேட்டவன் நான் ஒருவன்தான்.

செப்டம்பர் 21, சனி

தட்டைப் புகையிலை வாங்கிக்கொண்டு, சுவாவிலேயே குடியிருக்கும் மிக்காயெரேயின் அப்பா வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டுப் போகிறவர்கள் அப்படித்தான் போக வேண்டும் என்று அம்மா ராம்பியிலிருந்து போனில் சொல்லியிருந்தாள்.

பெரியவர் புகையிலையை வாங்கி ஓரமாக வைத்தார். மீனும் சோறும் போட்டார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை ரக்பி ஆட்டத்தைப் பற்றியே பேசினார். பிறகு, "உங்களுக்குக் குழி கிடையாது. தெரியாமப் போச்சுங்கற. நம்பறேன்."

"ஆமாங்க."

"ஒண்ணு கேக்கறேன் தம்பி. அந்தப் பேரைச் சொல்றப்போ அவ குரலைத் தாழ்த்திச் சொன்னாளா, இல்லையா?"

சொன்னாள். அதைக் கவனித்தவனும் நான்தான். அன்றைக்கே எழுதியும் வைத்தேன்.

"அண்ணனுக்குத் தெரியப்படுத்தறேன்" என்றார். "புகையிலைய நான் அனுப்ப முடியாது. அவர்தான் கேக்கணும்."

வாசல்வரை வந்த மிக்காயெரே, "பாத்துப் போங்க சார்" என்றான்.

சார்.

அக்டோபர் 4, வெள்ளி

அஞ்சுலா இரண்டாம் அச்சுப் போடவேண்டும் என்கிறாள். சங்கம் அடுத்த ஆண்டுக்கும் ஒப்புக்கொண்டுவிட்டது, எழுத்துபூர்வமாக. "எல்லாம் அந்தச் சுவரொட்டிதாண்ணே. இன்னொரு தடவை ஒட்டலாமா? பேரு இல்லாம?"

வேண்டாம் என்றேன்.

"நீங்க நல்லதுன்னு நெனச்சுத்தானே செஞ்சீங்க?"

"வரி நல்லா இருக்கணும்னு நெனச்சேன்."

அவள் ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

அக்டோபர் 17, வியாழன்

உணவுக்கூடத்தில் ரொரெத்தியைப் பார்த்தேன். வணக்கம் சொன்னாள், எல்லோருக்கும் சொல்வதுபோல.

நவம்பர் 15, வெள்ளி

தேர்வு முடிந்தது. ரொரெத்தி இன்று காலை விமானத்தில் போய்விட்டாள். மீதிப் படிப்பைத் தராவா வளாகத்திலேயே முடிக்கிறாள். பதிவாளர் அலுவலகத்தில் கேட்டேன், மாற்றல் உறுதி என்றார்கள். என்னிடம் அவள் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

நவம்பர் 29, வெள்ளி

மிக்காயெரேயைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். விலகிப் போகப் பார்த்தான், பிறகு நின்றான். அபெமாமாவில் நடந்த ஒன்றைச் சொன்னான். ரொரெத்தியே அவனுக்குப் போனில் சொன்னது.

குழியின் நடுவில் ஒரு பபாய் இருந்ததாம். பல வருஷத்துக்கு முன் அவள் ஆசிரியப் பயிற்சிக்குப் போனபோது அவள் அப்பா வைத்தது. பெருக்கவிட்டு, யார் கேட்டும் தோண்டாமல் வைத்திருந்தார். கல்யாணத்துக்கு. அப்படி ஒன்று இருப்பதை ரொரெத்தி என்னிடம் சொன்னதில்லை. மாப்பிள்ளையிடம் அதை முன்கூட்டிச் சொல்லக் கூடாதாம், அன்று மனேபா என்ற ஊர்க் கூடத்தில் நாலு பேர் தூக்கிவரும்போது அவனே பார்க்க வேண்டுமாம்.

போன ஞாயிறு அதைப் பிடுங்கி ஊர்க் கூடத்துக்குக் கொடுத்துவிட்டார். விசேஷம் எதுவும் இல்லை. ஊரே சாப்பிட்டது.

"என்னத்துக்குன்னு யாரும் கேக்கலையா?"

"எங்க ஊர்ல கேக்கமாட்டாங்க" என்றான். அவன் பேருந்து வந்தது.

டிசம்பர் 2, திங்கள்

பபாய் பிடுங்கப்பட்டது உறுதி. மிக்காயெரே வழியாக, மூலம் ரொரெத்தி. காரணத்தை அவள் அப்பா யாரிடமும் சொல்லவில்லை. அவள் சித்தப்பா அனுப்பிய மன்னிப்புச் செய்தி அவருக்குக் கிடைத்துவிட்டது, அதையும் சித்தப்பாவிடமே கேட்டு உறுதிசெய்தேன். பதில் வரவில்லை. பெண் தரமாட்டேன் என்று அவர் வாயிலிருந்து வந்ததாக எவரும் இதுவரை சொல்லவில்லை.

தராவாவிலிருந்து அபெமாமா போகும் கப்பல் 12ஆம் தேதி. எனக்கென்று முன்கூட்டியே எடுத்துவைத்த இடம் அதில் இன்னும் ரத்தாகவில்லை. பதில் எதுவானாலும் அதற்குள் தெரியும் என்கிறார் சித்தப்பா.