கட்டிலைச் சுற்றி மூடாத திரை

என் ஆசை பத்மாக்கா,

கிடைத்துவிட்டது. கிளினிக்குக் கட்டில் திரை தைக்கும் குத்தகை நமக்கே கிடைத்து, தைத்தும் கொடுத்தாயிற்று. நீ இருந்திருந்தால் ஈஜோக் கடைத்தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தியிருப்பாய். நானும் கத்தத்தான் செய்தேன், ஆனால் சந்தோஷத்தில் இல்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நம் தையல் கடையை வைத்துக்கொண்டு எத்தனை முறை அரசாங்க வேலைக்கு விலை எழுதிப் போட்டுத் தோற்றோம்! ஒரு தடவை, விலை போடுகிறவர்களை அழைத்து இடத்தைக் காட்டும் தள விளக்கத்துக்குப் போகும் வழியில் செம்பனை லோரி பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. நாம் போய்ச் சேர்ந்தபோது வந்தவர்களின் கையெழுத்தை வாங்கிவிட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். இன்னொரு தடவை ஏதோ ஒரு பக்கத்தில் முத்திரை விடுபட்டதாம். தோற்ற ஒவ்வொரு முறையும் நீ போன் போட்டு, எங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று மலாயில் பணிவாகக் கேட்பாய். போனை வைத்துவிட்டு, "ஒண்ணு கத்துக்கிட்டோம் லா, விடு சரசு" என்பாய்.

நீ போன பிறகு முதல் வேலையே கம்பெனிப் பதிவை மாற்றுவதுதான். இரண்டு பேர் பெயரில் இருந்ததை என் ஒருத்தி பெயருக்கு மாற்ற, கவுண்டர் கவுண்டராக உன் இறப்புச் சான்றிதழை நீட்டினேன். ஒவ்வொரு கவுண்டரிலும் நீ இன்னொரு முறை செத்தாய், அக்கா. அதையெல்லாம் யாரிடம் போய்ப் புகார் செய்வது?

அப்போதுதான் கடற்கரைப் பக்கத்துக் கிளினிக் ஒன்று, கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் அறைகளுக்குக் கட்டில் திரைகள் தைக்க விலை கேட்டது. தள விளக்கத்துக்கு முன்கூட்டியே போய் நின்றேன். உள்ளே ஆள் இருக்கிறது என்று அறைக்குள் விடவில்லை. அளவெல்லாம் குத்தகைப் பத்திரத்தில் இருக்கிறது என்றார்கள். நம்பி விலை எழுதினேன்.

குத்தகை கிடைத்து, கையெழுத்தும் ஆன பிறகு அளவு நாடாவோடு உள்ளே போனேன். கட்டிலைச் சுற்றி ஓடும் கம்பி நீளம். பத்திரத்தில் எழுதியிருந்த துணியின் அகலம் அதற்குப் பற்றாது. எப்படி இழுத்தாலும் இரண்டு ஓரமும் சேராது. நடுவில் ஒரு முழம் திறந்தே கிடக்கும்.

உன் வீட்டுக்காரர் மணியம் மாமா என்ன சொன்னார் தெரியுமா? "அவங்க கேட்ட அளவு அதானம்மா? அப்படியே தச்சுக் குடுத்துட்டு, கூலி டுயிட்ட வாங்கிட்டு வந்துரு லா. ஒனக்கு எதுக்கு வம்பு?"

மாமாவுக்குத் தெரியாது, நீ நோயோடு டாக்டரிடம் போன அன்றைக்கு அவர் அறைக்கு வெளியே இருந்தார். உன்னைப் பரிசோதித்த இடத்திலும் திரை சேரவில்லை. வெளியே பெஞ்சில் வரிசையாக ஆண்கள். நீ சட்டையைக் கழற்றக் கூசினாய். டாக்டர் முடிக்கும்வரை நான் இரண்டு ஓரத்தையும் சேர்த்துக் கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். அதே கையால் குட்டைத் திரை தைக்கச் சொல்கிறார்களே?

அளவை மாற்றி எழுத்தில் கொடுங்கள் என்று கடிதம் எழுதினேன். வாய்ப்பேச்சை நம்பி மாற்றித் தைத்தால், நாங்கள் கேட்டது இது இல்லை என்று திருப்பி அனுப்பலாமே! பதில் இல்லை. நேரில் போனேன். கொள்முதலைப் பார்க்கும் மலாய்க்கார அம்மா, அந்தப் புவான், ஸ்டோரைக் கேளுங்கள் என்றார். ஸ்டோரில், நர்ஸுகளுக்கெல்லாம் தலைவியான பெரிய மிஸ்ஸியைக் காட்டினார்கள். பெரிய மிஸ்ஸி நம்ம ஆள்தான். "நீங்க சொல்றது சரிதாம்மா. ஆனா கையெழுத்து என்னோடது இல்லயே" என்றார். எல்லாருக்கும் தெரிந்திருந்தது, அக்கா. தெரிந்தும் யாரும் பேனாவை எடுக்கவில்லை. கெடு மட்டும் நெருங்கிக்கொண்டே வந்தது.

கடைசியில் பத்திரத்தில் உள்ள அளவுக்கே ஒரே ஒரு திரையைத் தைத்துக் கொண்டுபோய் மாட்டினேன். புவானை அழைத்து, கொஞ்சம் கட்டிலில் படுங்கள் என்று மலாயில் கேட்டேன்.

"நானா?" என்று சிரித்தார்.

"நீங்கதான், புவான்."

தலையில் கட்டிய தூடோங்கைச் சரிசெய்துகொண்டு படுத்தார். பெரிய மிஸ்ஸி திரையை இழுத்தார். அந்த நேரம் பார்த்து விளக்கு மாற்ற வந்த ஆள் ஏணியோடு உள்ளே நுழைந்தான். புவான் சடாரென்று எழுந்து உட்கார்ந்து பாவாடையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். திரை நடுவில் திறந்துகிடந்த இடத்தையே பார்த்தார். அன்று மாலையே அளவு மாற்றக் கடிதம் கையெழுத்தாகி வந்தது.

வந்து என்ன? கெடுவை மாற்ற முடியாதாம். கூடுதல் துணிக்கு விலையும் கிடையாதாம். கடிதத்தைப் பார்த்ததும் மாமா உட்கார்ந்து திரை வளையம் கோக்க ஆரம்பித்தார். இரண்டு பேரும் அடித்துப் பிடித்துச் செய்தோம். மிச்சத் துணி வந்து சேரத் தாமதமாகி, கெடு தாண்டித்தான் கொடுக்க முடிந்தது. நம் கம்பெனிக் கோப்பில் 'தாமதம்' என்று எழுதிவிட்டார்கள். அத்தனை நாள் அசையாத பேனா, அதற்கு மட்டும் எப்படி அவ்வளவு சீக்கிரம் அசைந்தது?

மாட்டி முடித்த காலையில் ஒரு சின்னப் பெண், நிறைமாதக்காரி, உள்ளே வந்தாள். திரையை ஓர் இழுப்பு இழுத்தாள். இரண்டு ஓரமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூடிக்கொண்டன. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் காரில் வந்து உட்கார்ந்து அழுதேன். பாதி கோபம், பாதி நீ.

கெர்லிங் பக்கம் இன்னொரு கிளினிக் விலை கேட்டிருக்கிறது. விடப்போவதில்லை, அக்கா. அறையில் ஆள் இருந்தால் வெளியே வரும்வரை வாசலிலேயே நிற்பேன். நானே அளக்காத கட்டிலுக்கு விலை எழுத மாட்டேன். பத்திரத்தில் தப்பு இருந்தால் தள விளக்கத்தில் மற்றக் குத்தகையாளர்கள் முன்னாலேயே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவேன். அந்தத் 'தாமத'த்துக்கும் மறுப்பு எழுதி, அதே கோப்பில் வைக்கவைப்பேன். சண்டைக்காரி என்பார்கள். சொல்லட்டும்.

உன்னோடு பிறக்காமலே உனக்குத் தங்கச்சியான
சரசு