மடிப்புக் கோடு

ஆகஸ்ட் 4

என் பெரிய பிள்ளைக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் முழங்காலைத் தவிர. முதலில் நல்ல சேதிகள். உன் மூத்தவன் பாலம் கட்டும் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். இளையவள் நீச்சலில் இரண்டாவது. முதலாவதாக வந்தவள் இவளைவிட ஒரு முழம் உயரமாம், அதனால் நம் வீட்டுக் கணக்கில் இவள்தான் முதல். உன் தம்பி மகன் டிரைவிங் லைசென்ஸை மூன்றாம் தடவையில் வாங்கிவிட்டான். உன் தங்கை மகள் சிட்டு, நான் படிப்பை நிறுத்திய அதே ஐந்தாம் வகுப்புக்கு டீச்சர், அதுவும் நீ ஹெட்மாஸ்டராக இருக்கிற பள்ளிக்கூடத்தில். எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். எழுதிப் பார்த்தால் எனக்கு ஒரு சந்தோஷம்.

சிட்டு வகுப்பில் ஓர் ஓவியத்தை மாட்டி, "என்ன தெரியுது? எதை வச்சு சொல்றே? இன்னும் என்ன தெரியுது?" என்று மட்டும் கேட்கிறாளாம். விடையை அவள் சொல்வதே இல்லையாம். எனக்கும் ஒரு வண்ண நகல் அனுப்பினாள். அதன் பிறகு இரண்டு வாரமாக அவளிடமிருந்து கடிதம் இல்லை. என்ன ஆச்சு?

அம்மா

ஆகஸ்ட் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், தேய்த்துக்கொள்.

சிட்டுவைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஒரு படத்துக்கு மூன்று பீரியட். பாடமெல்லாம் பின்தங்கிவிட்டது. அதனால் நானே வகுப்புக்குப் போனேன். ஜன்னலோரம் ஒருத்தி துணி தைக்கிற படம். ஆசிரியர் கையேட்டில் 'உழைக்கும் பெண்ணின் சோகம்' என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. அதைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னேன். முதல் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "எதை வச்சு சொல்றீங்க சார்?" என்றாள். வகுப்பே சிரித்தது.

படத்தைக் கழற்றி என் பீரோவில் பூட்டிவிட்டேன். இனி ஓவியம் எதுவும் கொண்டுவர மாட்டேன் என்று சிட்டு இருபதாம் தேதிக்குள் எழுதித் தர வேண்டும். இல்லாவிட்டால் வேலை இல்லை. வீட்டில்தான் நான் மாமா. இதெல்லாம் உனக்குப் புரியாது அம்மா, தலையிடாதே.

மகன்

ஆகஸ்ட் 13

ஹெட்மாஸ்டர் அவர்களுக்கு,

தைலம் வந்தது. தலையிடாதே என்றாய். தலையை மூக்குக்கண்ணாடியோடு சேர்த்தே நுழைத்துவிட்டேன்.

நீ சொன்ன சோகத்தைப் படத்தில் இரண்டு நாள் தேடினேன். அவள் தைக்கவே இல்லையடா! எதை வைத்துச் சொல்கிறேன் என்று கேள். ஊசி அவள் தோள் துணியில் குத்தியிருக்கிறது. கையில் இருப்பது சின்னக் கத்தரி. மடியில் கிடப்பது துண்டு துண்டாக நூல். பிரிக்கிறாள். அவள் பிரிக்கிற குழந்தைக் கவுனின் அடியில் ஒரு கோடு இருக்கிறது பார், அதற்கு மேலே சாயம் வெளுத்திருக்கிறது, கீழே புதுசாக இருக்கிறது. அது உள்ளே மடிந்து கிடந்த துணி. மடிப்பைப் பிரித்து நீளமாக்குகிறாள், ஏனென்றால் வீட்டில் ஒரு குழந்தை வளர்ந்திருக்கிறது. பொடித் தையல், அதுதான் குனிந்து பார்க்கிறாள்.

நாற்பது வருஷம் ஊரார் துணியைத் தைத்தவள் சொல்கிறேன். உன் அரைக்கால் சட்டையை மூன்று வருஷம் இப்படித்தான் பிரித்துவிட்டேன். ஒரு நாளும் அழவில்லை. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "பாத்தியா, எம்புள்ள எம்மாம் வளந்துட்டான்!" என்று காட்டினேன்.

கையேடு எழுதியவர் ஊசியைத் தொட்டதில்லை போலிருக்கிறது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். கண்ணெதிரே படம் தொங்கும்போது கையேட்டைப் பார்த்தாயே, உன்னைத்தான் சொல்வேன்.

கையெழுத்துப் போடாதே என்று சிட்டுவுக்கு எழுதினேன். "நீ சொல்லணுமா பாட்டி? பேனாவையே திறக்கல" என்று பதில் போட்டாள். நீ அவளை வெளியே அனுப்பினால் தையல் மிஷினை ஓரமாகத் தள்ளி, பாடம் நடத்த முன்னறையை அவளுக்குக் கொடுப்பேன். பிள்ளைகளை வீடு வீடாகப் போய் நானே கூட்டிவருவேன். இந்த முழங்காலோடு.

பீரோவைத் திற. படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார். கோடு இல்லையென்றால் எழுது.

அம்மா

ஆகஸ்ட் 19

அம்மா,

கோடு இருக்கிறது.

சிட்டு எதுவும் எழுதித் தர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த முதல் பெஞ்சுப் பெண் மட்டும் ஒரு மன்னிப்புக் கேட்கட்டும். பிள்ளைகள் முன்னால் எனக்கும் ஒரு மரியாதை இருக்கிறதல்லவா?

மகன்

ஆகஸ்ட் 23

என் பெரிய பிள்ளைக்கு,

முழங்கால் தேவலை. சிட்டுவின் வேலை தப்பிய சேதியைச் சொல்ல நேற்றே தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டேன்.

மன்னிப்பு கிடையாது. அந்தக் குழந்தை உன்னை ஒரு கேள்வி கேட்டாள், அது இன்னும் அப்படியே நிற்கிறது. அவள் முன்னால் போய் நின்று, "புத்தகத்தை வச்சு சொன்னேன்மா, படத்தைப் பாக்கல" என்று சொல்லு. உன் மரியாதை கிழிந்துவிடாது. கிழிந்தால் கொண்டுவா, ஒட்டுப் போட்டுத் தருகிறேன்.

பிறகு படத்தை அதே ஆணியில் மாட்டி, வகுப்பு முழுவதும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. என்னிடம் இருப்பதில் நீ பெரிய மேசைக்குப் பின்னால் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறாய், அது பழசாகிவிட்டது. கூடவே கடிதம் வேண்டாம். அந்தப் பெண்ணின் முகமும் நீ நிற்கிற இடமும் தெரிந்தால் போதும், என்ன நடந்தது என்று நானே பார்த்துக்கொள்வேன். புது போட்டோ சீக்கிரம் வரட்டும்.

அம்மா